ஒரு மூதாதையா, பல தோற்றங்களா? – கண்டவுடல் பற்றிய ஒரு கொள்கையின் ஆய்வு

பட்டர்வொர்த் கடலோரத்தில் தூண்டில் போடுவோரைக் கண்டவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. சேற்றிலிருந்து தோண்டியெடுத்த புழு ஒன்று முள்ளில் கோக்கப்படுகிறது. பக்கத்தில் ஒரு டப்பாவில் சிறு இறால்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பிடிக்கப்படுவதோ மீன். புழு, இறால், மீன் ஆகிய இம்மூன்றும் உருவிலும் வாழ்க்கையிலும் பெரிதும் வேறுபட்டவை. ஆயினும் அவற்றின் உடலமைப்பில் ஓர் ஒற்றுமை உண்டு. புழுவின் உடல் வளையம் வளையமாக அமைந்துள்ளது. இறாலின் ஓடு வில்லை வில்லையாக மடங்குகிறது. மீனின் புறத்தே அத்தகைய கோடுகள் தெரியா. எனினும் குழம்பில் வெந்த மீனின் சதை இதழ் இதழாகப் பிரிவதை யாவரும் அறிவர். அவ்விதழ்களின் நடுவே ஓடும் முதுகெலும்பும் கணுக்கணுவாகவே அமைந்திருக்கிறது.

ஒரே அமைப்பு தலை முதல் வால் வரை திரும்பத் திரும்ப வரிசையாக வரும் உடலைக் கண்டவுடல் என்றும், அதன் ஒவ்வொரு பகுதியைக் கண்டம் என்றும் கூறுவோம். விலங்குலகில் இவ்வமைப்பைச் சிறப்பாகப் பெற்ற பெருங்குலங்கள் மூன்று. மண்புழுவும் அட்டையும் அடங்கிய வளைதசைப் புழுக்கள் ஒன்று. பூச்சி, சிலந்தி, நண்டு, பூரான் ஆகியவை அடங்கிய கணுக்காலிகள் மற்றொன்று. மீன் முதல் மனிதன் வரையுள்ள முதுகெலும்புடையன மூன்றாவது. இம்மூன்றும் தம் கண்டங்களை ஒரே மூதாதையிடமிருந்து உரிமையாகப் பெற்றனவா? அன்றி ஒவ்வொன்றும் தனித்தனியே அவற்றைத் தேடிக்கொண்டதா? கரு எவ்வாறு உடலாக வளர்கிறது என்பதை ஆராயும் வளர்ச்சியியல், கடந்த சில பத்தாண்டுகளில் இவ்வினாவுக்கு விடை கூற முன்வந்துள்ளது. அவ்விடைகளுள் பெரிதும் பேசப்பட்ட ஒன்றை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா பழமையானது. பிரெஞ்சு அறிஞர் குவியே 1812-ஆம் ஆண்டில் விலங்குலகை நான்கு பெரும் பிரிவுகளாகப் பகுத்தார். கண்டவுடலைக் காரணமாகக் கொண்டு புழுக்களையும் பூச்சிகளையும் ஒரே பிரிவில் வைத்தார். 1820-களின் தொடக்கத்தில் அவருடைய சகாவான ஜெஃப்ராய் சாந்திலேர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பூச்சியின் உடல் வளையமும் விலங்கின் முதுகெலும்புக் கணுவும் அடிப்படையில் ஒன்றே என்று அவர் வாதித்தார். குவியே இதனை ஏற்கவில்லை. விலங்குகளுக்கெல்லாம் பொதுவான உடல் திட்டம் ஒன்று உண்டா என்பது பற்றி 1830-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் இருவரும் வெளிப்படையாகவே மோதினர். அன்று குவியேயின் கையே ஓங்கியது என்பர்.

குவியேயின் பகுப்பு நெடுங்காலம் பாடநூல்களில் நிலைத்து நின்றது. புழுவிலிருந்தே பூச்சி தோன்றியது எனப் பல தலைமுறை மாணவர் படித்தனர். 1997-இல் அகினால்டோவும் அவருடைய துணைவரும் பல விலங்குகளின் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆராய்ச்சி அப்படிப்பை அசைத்துவிட்டது. பூச்சிக்கு நெருங்கிய உறவு மண்புழுவன்று. சட்டை உரித்து வளரும் இயல்புடைய உருளைப் புழுக்களே அதற்கு நெருங்கியவை. அவற்றுக்கோ கண்டங்கள் இல்லை. மண்புழுவின் உறவினரோ நத்தையும் சிப்பியும். அவையும் கண்டமற்றவை. முதுகெலும்புடையன இவ்விரு கிளைகளுக்கும் புறத்தே நிற்கின்றன. அவற்றின் உறவாகிய நட்சத்திர மீனுக்கும் கண்டவுடல் இல்லை.

ஆகவே விலங்குலகம் என்னும் மரத்தின் மூன்று கிளைகளில், ஒன்றுக்கொன்று தொலைவான மூன்று கொம்புகளில் கண்டவுடல் காணப்படுகிறது. இந்நிலையில் இரண்டே வழிகள் உள்ளன. மூன்று கிளைகளும் பிரியும் முன்பு, அதாவது 54 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த பொது மூதாதையே கண்டவுடலைப் பெற்றிருந்தது எனலாம். அன்றேல் மூன்று முறை தனித்தனியே அவ்வமைப்பு தோன்றியது எனலாம். பாலவுவான், அதூத் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 2003-இல் வெளியிட்ட கட்டுரை முதல் வழியைத் துணிவுடன் மேற்கொண்டது. அப்பொது மூதாதைக்கு விஞ்ஞானிகள் இட்டுள்ள பெயர் ஊர்பைலேட்டேரியா. அது கண்டங்கள் உடையதாகவே இருந்தது என்பது அவர்கள் கட்சி.

எதிர்க்கட்சி பேசுமுன் இக்கட்சியின் வலிமையை உள்ளவாறு எடுத்துரைப்பதே முறை.

1980-இல் நுஸ்லைன்-வோல்ஹார்ட், வீஷௌஸ் என்னும் இருவர், பழ ஈயின் கருவில் கண்டங்களை உண்டாக்கும் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்தனர். ஒரு மரபணு கெட்டால் கண்டங்கள் ஒன்றுவிட்டு ஒன்று மறைந்தன. மற்றொன்று கெட்டால் ஒவ்வொரு கண்டத்தின் ஒரு பாதி மட்டும் மாறியது. எந்தக் கண்டத்தில் கால், எதில் சிறகு என்று முடிவு செய்யும் மரபணுக்களை எட்வர்டு லூயிஸ் ஆராய்ந்து 1978-இல் விளக்கியிருந்தார். இம்மூவரும் 1995-இல் நோபல் பரிசு பெற்றனர். கண்டத்துக்கு அடையாளம் தரும் மரபணுக் கூட்டம் ஈயில் உள்ளதைப் போன்றே எலியிலும் மனிதனிலும் உள்ளது என்ற செய்தி உலகையே வியப்பில் ஆழ்த்தியது.

1997-இல் மற்றொரு செய்தி வந்தது. கோழிக்கருவின் வாற்புறத்தில் ஹேரி என்னும் மரபணு கடிகாரம்போல் முறை வைத்து வேலை செய்வதையும் ஓய்வதையும் பால்மெய்ரிம், பூர்க்கியே முதலியோர் கண்டனர். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் முதுகுத்தண்டின் இருபுறமும் ஓர் இணைத் திசுக்கட்டி பிரிகிறது. பிற்காலத்தில் எலும்புக் கணுவும் சதை இதழும் ஆவன இக்கட்டிகளே. கோழியில் 90 நிமிடத்துக்கு ஒரு முறையும், ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் வரிமீனில் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், மனிதக் கருவில் ஏறத்தாழ ஐந்து மணிக்கு ஒரு முறையும் இக்கடிகாரம் அடிக்கிறது. இத்தகைய கடிகாரம் ஒன்று இருத்தல் வேண்டும் எனக் குக், ஸீமன் என்னும் இருவர் 1976-இலேயே கணக்கினால் ஊகித்திருந்தனர்.

இதற்குப் பின் கணுக்காலிகளிலும் கடிகாரத்தைத் தேடினர். முதுகெலும்புடையனவற்றின் கடிகாரத்தில் பங்குகொள்ளும் நாட்ச் என்னும் மரபணு, சிலந்தியின் கண்டங்களுக்கும் தேவை என்பது 2003-இல் தெரிந்தது. கரப்பானுக்கும் அஃது உதவுகிறது என 2008-இல் அறிவித்தனர். கடற்புழு ஒன்றின் கண்ட எல்லையில் எங்ரெயில்டு, விங்லெஸ் என்னும் மரபணுக்கள் ஈயின் கருவில் நிற்பது போன்றே அணிவகுத்து நிற்பதும் 2003-இல் காணப்பட்டது. புழு, சிலந்தி, கோழி ஆகிய மூன்றிலும் ஒரே மரபணுக்கள் ஒரே வேலையைச் செய்கின்றன என்றால், அவ்வேலையை மூதாதையே செய்திருக்க வேண்டாவா என்பது பாலவுவான் கட்சியின் கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆயினும் அதன் அடியில் ஒரு தாவல் மறைந்திருக்கிறது. ஒரே கருவி என்பதிலிருந்து ஒரே வேலை என்பதற்கும், ஒரே வேலை என்பதிலிருந்து ஒரே பரம்பரை என்பதற்கும் வாதம் தாவிச் செல்கிறது.

மொழியாராய்ச்சியில் பழகிய நம் வாசகர்க்கு ஓர் உவமை கூறலாம். தமிழர் சினிமாவைப் ‘படம்’ என்கின்றனர். மலையாளிகளும் ‘படம்’ என்றே சொல்கின்றனர். சொல் பழையது, இரு மொழிக்கும் பொதுவானது, பொருளும் இன்று ஒன்றே. ஆகவே இவ்விரு மொழியும் பிரியுமுன் வாழ்ந்த முன்னோரும் சினிமாக் கொட்டகைக்குச் சென்றனர் என்று எவரேனும் முடிவு கட்டுவாரா? சித்திரத்தைக் குறித்த பழைய சொல் கையில் இருந்தது. புதிய பொருள் வந்தபோது இருவரும் அப்பழைய சொல்லையே எடுத்துக்கொண்டனர். சொல்லின் பழமை ஒன்று. அச்சொல் இன்று குறிக்கும் பொருளின் பழமை வேறொன்று.

மரபணுவும் அத்தகையதே. நாட்ச் என்பது கண்டத்துக்கென்றே பிறந்த மரபணுவன்று. அடுத்தடுத்துள்ள இரு உயிரணுக்கள் வேறுவேறு வழியில் வளர வேண்டிய இடங்களிலெல்லாம், நரம்பிலும் குருதிக் குழாயிலும் பிற உறுப்புகளிலும், அது வேலை செய்கிறது. எங்ரெயில்டு நரம்பு வளர்ச்சியில் பங்குகொள்கிறது. கண்டமே இல்லாத விலங்குகளிலும் உள்ளது. எங்கும் கிடைக்கும் இத்தகைய கருவியை இருவர் தனித்தனியே ஒரே வேலைக்கு எடுத்தாளுதல் நடக்கக்கூடியதே. ஏரியல் சிப்மன் முதலிய அறிஞர்கள் இக்கருத்தையே வலியுறுத்துகின்றனர்: உடலை நீட்டுதல், எல்லை வகுத்தல் முதலிய பழைய ஏற்பாடுகள் மூதாதையிடம் இருந்தன, அவற்றைக் கண்டம் வகுக்கும் வேலைக்கு ஒவ்வொரு குலமும் பின்னர் திருப்பிக்கொண்டது.

இவ்வையம் வெறும் ஐயமன்று என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அட்டையை எடுத்துக்கொள்வோம். அதுவும் வளைதசைப் புழுக் குலத்தைச் சேர்ந்ததே. எங்ரெயில்டு ஆளும் உயிரணுக்களை அழித்தபோதும் அட்டையின் கண்டங்கள் பிரிவது தடைப்படவில்லை எனச் சீவர், ஷாங்லண்டு இருவரும் 2001-இல் காட்டினர். அட்டையில் கண்டங்களைத் தருவன வாற்புறத்துள்ள சில பெரிய மூல உயிரணுக்கள். அவை வரிசையாகப் பிளந்து, பிறப்புரிமை போலவே கண்டங்களைத் தோற்றுவிக்கின்றன. ஒரே குலத்துக்குள்ளேயே வேலைமுறை இவ்வளவு வேறுபடுமாயின், ஒரு கடற்புழுவைக் கண்டு அக்குலம் முழுவதற்கும், அதற்கும் அப்பால் ஆதி மூதாதைக்கும் முடிவு கூறுதல் அவசரமாகும்.

கடிகாரத்தின் சாட்சியமும் அவ்வளவு தெளிவானதன்று. பழைய மாவிலும் அரிசியிலும் காணப்படும் செவ்வண்டின் கருவில் ஒரு கடிகாரம் அடிப்பது 2012-இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அதன் உள்ளே சுழலும் சக்கரங்கள் வேறு. ஈயில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கண்டம் வகுக்கும் மரபணுக்களே அங்கு மாறி மாறி வேலை செய்கின்றன. பழ ஈயிலோ அத்தகைய கடிகாரமே இல்லை. கரு முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கூறுபடுகிறது. மேலும் ஒரு வியப்பு உண்டு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி ஒன்றின் வேரில், பக்கவேர்கள் முளைக்கும் இடங்களை முறை வைத்து அடிக்கும் ஒருவகைக் கடிகாரமே குறிக்கிறது என 2010-இல் கண்டனர். செடியும் கோழியும் கண்டவுடல் படைத்த ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று யாரும் கூறார். வளர்ந்துகொண்டே செல்லும் உடலைச் சம தூரத்தில் பகுப்பதற்குக் கடிகாரம் எளிய வழி. ஆதலால் அது பல இடங்களில் தனியே தோன்றியிருக்கலாம்.

அக்கட்சியின் மற்றொரு வாதத்தையும் மதிக்க வேண்டும். மூதாதைக்குக் கண்டம் இருந்திருந்தால் நத்தை, உருளைப் புழு, நட்சத்திர மீன் முதலிய எண்ணற்ற குலங்கள் அதனை இழந்திருக்க வேண்டும். இத்தனை இழப்பு நடக்குமா என்று கேட்டால், நடந்ததுண்டு என்று அவர்கள் ஓர் உதாரணம் காட்டலாம். எக்கியூரா எனப்படும் கடற்புழுக்கள் கண்டமற்றவை. அதனால் அவை தனிக்குலமாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. இக்காலத்து மரபணு ஒப்பீடு அவற்றை வளைதசைப் புழுக்களின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. கண்டம் இழக்கத்தக்கதே. ஆயின் அங்கே இழப்பின் சுவடு எஞ்சியுள்ளது. அவற்றின் இளம் பருவத்து நரம்பில் கண்ட வரிசையின் சாயல் தெரிகிறது. நத்தையிலும் உருளைப் புழுவிலும் நட்சத்திர மீனிலும் அத்தகைய சுவடு தெளிவாகக் காட்டப்படும் வரை, ‘இழந்தன’ என்பது கொள்கையைக் காப்பாற்றச் சொல்லும் சமாதானமாகவே நிற்கும்.

இவற்றினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. ‘கண்டம்’ என்ற ஒரே சொல் எல்லா இடத்தும் ஒரே பொருளைக் குறிக்கிறது எனக் கொண்டதே அது. அட்டையின் உடலில் வெளியே தெரியும் வரிகளை எண்ணினால் நூற்றுக்கு மேல் வரலாம். உள்ளே நரம்பு முடிச்சுகளைக் கொண்டு எண்ணினால் கண்டங்கள் முப்பத்திரண்டே. மரவட்டையின் ஒரு வளையத்தில் இரண்டு இணைக் கால்கள் இருப்பதால் அஃது ஒரு கண்டமா, இரண்டா என்ற கேள்வி எழுகிறது. மீனில் கண்டமாக வருவன சதையும் எலும்பும். இறாலில் ஓடும் காலும் நரம்பும். மண்புழுவில் உடற்குழியும் கழிவுக் குழல்களும் கூட. திரும்ப வருதல் என்ற பண்பு பொது. திரும்ப வரும் பொருள்கள் வேறு. எதனை விளக்க வந்தோம் என்பதை வரையறை செய்யாமல் அதன் மூலத்தைத் தேடுவது முகவரி இல்லாமல் வீடு தேடுவதாகும்.

அப்படியாயின் பரிணாமத்தை அறிய வளர்ச்சியியல் உதவவில்லையா? மிகவும் உதவுகிறது என்பதே நம் கருத்து. அதன் உண்மையான வெற்றி மூதாதையின் உருவத்தை வரைவதில் இல்லை. ஒரு குலத்துக்குள் உடல்கள் எவ்வாறு மாறின, எவ்வாறு மாற முடியாமல் நின்றன என்பதை விளக்குவதில்தான் உள்ளது.

வீட்டுக்குள் நுழையும் பெரிய பூரானைப் பாருங்கள். அதன் கால்கள் இருபத்தோரு இணை. அதன் இனத்தாருள் சிலவற்றுக்கு இருபத்து மூன்று. இருபத்திரண்டு இணை உடையது இயல்பாகக் கிடைப்பதில்லை. மண்ணுக்குள் வாழும் மெல்லிய பூரான்களில் 27 முதல் 191 இணை வரை உண்டு. ஆனால் அவ்வெண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையே. ஆகவே நூற்றுக்கால் என்று பெயர் பெற்ற பிராணிக்கு, முறைப்படி, சரியாக நூறு கால்கள் அமைவதில்லை! நூறு கால் எனில் ஐம்பது இணை, ஐம்பது இரட்டைப்படை. இரட்டைப்படை ஏன் விலக்கப்பட்டது? நாற்பத்தொன்பது இணை நன்மை தரும், ஐம்பது இணை தீமை தரும், ஐம்பத்தொன்று மீண்டும் நன்மை தரும் என்று இயற்கைத் தேர்வினால் மட்டும் விளக்க முடியுமா?

இங்கேதான் கரு பேசுகிறது. கடலோரப் பூரான் ஒன்றின் கருவைச் சிப்மன், ஆர்தர், ஏக்கம் மூவரும் ஆராய்ந்தனர். கண்டங்களின் கோலம் முதலில் இரண்டிரண்டாக எழுந்து, பிறகு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிவதை 2004-இல் அறிவித்தனர். இரண்டிரண்டாகக் கூட்டும் பொறியில் ஒன்று கூடுவதும் குறைவதும் எளிதன்று. கடைசிச் சில கண்டங்கள் ஒவ்வொன்றாகவே சேர்வதும் பின்னர்க் காணப்பட்டமையால் விளக்கம் இன்னும் முழுமை பெறவில்லை. ஆயினும் வழி தெரிந்துவிட்டது. பிரேசில் நாட்டில் 2008-இல் விவரிக்கப்பட்ட பூரான் இனம் ஒன்றுக்கு 39 அல்லது 43 இணைக் கால்கள் உள்ளன. அதன் நெருங்கிய உறவினத்துக்கு 21 அல்லது 23. இடைப்பட்ட எண்ணிக்கைகள் வழியே படிப்படியாக ஏறி வந்ததன்று இது. ஏறத்தாழ ஒரே பாய்ச்சலில் இரட்டித்தது போன்ற தோற்றம். இயற்கைத் தேர்வு கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் போன்றது. கரு என்னும் கடைக்காரர் அடுக்கி வைத்த சரக்குகளுள்தான் அவர் பொறுக்க முடியும். இதனை உணர்த்தியது வளர்ச்சியியலின் பெருங்கொடை.

பினாங்குப் பாம்புக் கோயிலில் கிளைகளைச் சுற்றிக் கிடக்கும் விரியன்களைப் பார்ப்போர், அந்நீண்ட உடல் எவ்வாறு உண்டாயிற்று என்று வியப்பதுண்டு. அமெரிக்கப் பாம்பு இனம் ஒன்றின் கருவை 2008-இல் ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. எலிக்கருவில் திசுக்கட்டிகள் ஏறத்தாழ அறுபத்தைந்து இணை, அப்பாம்பில் 315. புதிய மரபணு எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிடுகையில் கடிகாரம் விரைந்து அடிக்கிறது. அதனால் கட்டிகள் சிறியனவாகவும் மிகப் பலவாகவும் பிரிகின்றன. வேகம் மாறியது, உடல் மாறியது. பூச்சிக்கு ஆறு கால் மட்டும் இருப்பதற்கும் இத்தகைய விளக்கம் கிடைத்துள்ளது. வயிற்றுக் கண்டங்களில் காலைத் தடுக்கும் ஆற்றலை அங்குள்ள ஒரு மரபணுவின் புரதம் பெற்றது என 2002-இல் இரு ஆராய்ச்சிக் குழுவினர் காட்டினர்.

இத்தகைய ஆராய்ச்சிக்குத் தமிழர் அயலாரல்லர். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பேராசிரியர் ஆர். கோபால ஐயர், உவர்நீரில் வாழும் மார்ஃபைசா என்னும் புழுவின் கருவளர்ச்சியைப் பற்றி 1931-இல் லண்டன் லின்னேயக் கழகத்தின் ஏட்டில் எழுதினார். மலேசிய மேற்குக் கரையில் தூண்டிலுக்காகத் தோண்டப்படும் புழுவும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. 2014-இல் அது தனி இனமாக அறியப்பட்டு, சிலாங்கூரின் மொரிப் கடற்கரையின் பெயரைத் தாங்கியது. கோபால ஐயர் காலத்தில் மரபணுவைக் காணும் வழியில்லை. முட்டை முதல் இளம்புழு வரை கண்ணாற்கண்டு பதிவு செய்வதே அன்றைய வேலை. எந்தப் புழுவில் எது முன்னே, எது பின்னே தோன்றுகிறது என்னும் அத்தகைய பதிவுகள் பலவற்றை ஒப்பிட்ட பின்னரே பொது மூதாதையைப் பற்றிப் பேச இயலும். இரண்டு மூன்று ஆய்வுக்கூட விலங்குகளைக் கொண்டு விலங்குலகம் முழுவதையும் அளக்கும் இன்றைய அவசரத்துக்கு அப்பொறுமை ஒரு பாடமாகும்.

அவசரம் மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையனவாகச் சேர்த்து வைத்திருப்பதைக் காட்டி, கணுக்காலிகளின் உறவையும் பரிணாமத்தையும் பண்டே தமிழர் கண்டனர் என்று மேடையில் முழங்குவாருண்டு. அதே நூல் எறும்பை மூவறிவில் வைத்ததை அவர்கள் நோக்குவதில்லை. அந்நூலின் பகுப்பு புலன்களை அடிப்படையாகக் கொண்டது. உடலின் கட்டுமானத்தையோ வழிமுறையையோ அது பேச வரவில்லை. அந்த அளவில் அதற்குரிய பெருமை அதற்கு உண்டு. ஒற்றுமையைக் கண்டவுடன் உறவு கட்டிவிடும் பிழை, ஊர்பைலேட்டேரியாக் கட்சியிலும் இம்மேடைப் பேச்சிலும் ஒன்றேயாகும்.

தொகுத்து நோக்கின், பாலவுவான் கட்சி பொய்யென்று தள்ளத்தக்கதன்று. அது சோதிக்கத்தக்க ஒரு கருத்து. அதனைச் சோதிக்கப் புகுந்ததாலேயே சிலந்தி, கரப்பான், கடற்புழு ஆகியவற்றின் கருக்கள் ஆராயப்பட்டன. ஆனால் இதுவரை வந்த சான்றுகள், மூதாதையிடம் கருவிகள் இருந்தன என்பதையே நிலைநாட்டுகின்றன. அக்கருவிகளால் அது கண்டவுடலைக் கட்டிக்கொண்டது என்பதை நிலைநாட்டவில்லை. தூண்டில் முள்ளில் நெளியும் புழுவும், டப்பாவில் துள்ளும் இறாலும், அவற்றை விழுங்க வரும் மீனும் தொன்மையான ஒரு கருவிப் பெட்டியைப் பங்கிட்டுக்கொண்ட உறவினர் என்று இன்று துணிந்து கூறலாம். மூவரும் ஒரே வீட்டில் பிறந்து ஒரே சட்டையை அணிந்து வந்தனர் என்று கூறுதற்கு இன்னும் சாட்சி வேண்டும்.